தூக்குச்சட்டியில் வந்த அழுகை

நர்சுகளுக்குப் போனில் நடத்தும் தொலைதூர வகுப்பு தொடங்கியதிலிருந்து எங்கள் மலையில் பிறக்கும் குழந்தைகளின் முதல் அழுகை கீழே நகரத்தில்தான் கேட்கிறது. பிரசவத்தின்போது நான் போனை ஜன்னலில் சாய்த்து வைப்பேன். பயிற்சிப் பள்ளியில் உட்கார்ந்தபடி ஜெபமணி மேடம் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார். குழந்தை வெளியே வந்ததும் அழுகை மட்டும் அந்தப் பக்கம் போய்விடும். மேடம் அதைத் தூக்குச்சட்டியில் பிடித்து மூடி, தாயின் பெயரை ஒட்டி, மலைக்கு வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அதுவரை குழந்தை பால் குடிக்காது.

வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். தோள் சிக்கிய குழந்தையை எப்படித் திருப்பி எடுப்பது என்று கற்றுத்தந்தது அந்தப் போன்தான். பஸ்ஸைத்தான் நம்ப முடியாது.

செல்லக்கிளிக்குக் காலையில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நல்ல மூச்சு. சத்தம் மட்டும் இல்லை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன தடவையும் இப்டித்தான் நர்சம்மா. அழுவாமயே போயிருச்சு."

அது நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முந்தைய மழைக்காலம். வகுப்பு அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. பெண் குழந்தை. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்திருந்தார்கள்.

"இவன் அழுதுட்டான் செல்லக்கிளி. பஸ்ல வந்துக்கிட்டிருக்கு," என்றேன்.

"காதுல கேக்கட்டும். அப்புறம் மொகத்தப் பாக்கறேன்."

வழியில் டயர் வெடித்து, பொழுது சாயும்போதுதான் பஸ் வந்தது. அதற்குள் குழந்தையின் உதடு காய்ந்திருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் புருஷன் காளியப்பன் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னங்க நர்சம்மா, இந்தக் கனம் கனக்குது?"

"பையன் பலசாலி," என்றேன்.

குழந்தையின் வாயருகே வைத்து மூடியைத் திறந்தேன். அவன் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. செல்லக்கிளி சட்டென்று திரும்பி, பிள்ளையை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டாள். காளியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சட்டியைக் கழுவ எடுத்துப்போனேன். கனம் முழுதும் குறையவில்லை. அடியில் இன்னொரு அழுகை கிடந்தது. மெல்லியது, கொஞ்சம் தூசி படிந்தது. இரட்டையோ என்று ஓடிப்போய் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாசலுக்கு வந்து மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஆமா சிஸ்டர், அலமாரியை ஒழிச்சேன். அதுவும் செல்லக்கிளி பேருக்குத்தான் இருந்துச்சு. அந்த மழையில ரோடு சரிஞ்சு பஸ்ஸே ஓடலையே, அப்படியே தங்கிப்போச்சு. சேர்த்து அனுப்பிட்டேன். நாளைக்கு ரத்தப்போக்கு பாடம், மறந்துடாதீங்க."

அப்படியென்றால் அந்தப் பெண் அழுதிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளையும் போலப் பிறந்தவுடனே அழுதிருக்கிறாள். அது வந்து சேரும் என்று பால்கூடக் குடிக்காமல் இங்கே காத்துக்கிடந்திருக்கிறாள். இதை நான் எந்த வாயால் சொல்வது?

மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த மெல்லிய அழுகை அதற்குள் செல்லக்கிளி காதில் விழுந்திருந்தது.

"அது பெரியவளோடது," என்றாள். "குடுங்க."

கொடுத்தேன். பையனை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு, சட்டியிலிருந்ததைப் பதமாக எடுத்து மறு பக்கத்து மார்பில் விட்டாள். சற்று நேரம் தேம்பிவிட்டு அது குடிக்கத் தொடங்கியது.

இன்னொரு தூளி கட்ட வேண்டும் என்று காளியப்பன் பழைய சேலை தேடப் போனான்.