பள்ளிக்கூடம் நிக்காது

ஊழியர்கள் வேலையை நிறுத்திய மறுநாள் பள்ளிக்கூடம் நடக்கத் தொடங்கியது. வகுப்புகள் நடந்ததைச் சொல்லவில்லை. அவை ஏதோ பேருக்கு நடந்தன. நடந்தது கட்டடம். இரண்டு மாடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, வாசல் பெயர்ப்பலகை, பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், சரிவான தெருவில் கீழ்நோக்கிப் போனது. முதல் நாள் நாலைந்து அடி போயிருக்கும். பீரோவை நகர்த்திய இடம் போல, அது இருந்த இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது.

காரணம் தலைமையாசிரியரின் வாய். தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாட்ச்மேன், ஆயாக்கள், மணி அடிக்கும் பியூன், ஆபீஸ் கிளார்க் எல்லோரும் அந்தப் பள்ளியில் தற்காலிக ஊழியர்கள். கிளார்க் தற்காலிகமாகச் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த அவர் மகள் கல்லூரியே முடித்துவிட்டாள். அவருடைய தற்காலிகம் முடியவில்லை. நிரந்தரமாக்கச் சொல்லி வருடா வருடம் கேட்பார்கள். தலைமையாசிரியர் தாளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ கேட்டவர்களிடம் “பாக்கலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். இத்தனைக்கும் கிளார்க் வேறு யாருமல்ல, அவருடைய சொந்தத் தங்கையின் கணவர். சொந்தக்காரனுக்குச் செய்துகொண்டான் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்பதற்காக மாப்பிள்ளைக்குச் செய்யவில்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் செய்தால் தங்கை பேசுவாள் என்பதற்காக மற்றவர்களுக்கும் செய்யவில்லை. அவ்வளவு நேர்மையான மனிதர்.

கடைசியில் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு எதிரே சாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் படியில் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, “நீங்க இல்லன்னா ஒண்ணும் பள்ளிக்கூடம் நிக்காது” என்றார். நின்றுபோகாது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆசிரியர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டு கைதட்டினார்கள். ஆனால் கட்டடம் பழைய காலத்துக் கட்டடம். தலைமையாசிரியர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தது. நிக்காது என்றால் நிக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டது.

ஊழியர் இல்லாமல் பள்ளியை நடத்துவது எப்படி என்று தலைமையாசிரியர் அன்றே திட்டம் போட்டிருந்தார். கணக்கு வாத்தியார் கேட்டில் நின்றார். வருகிற தாய்மார்களையெல்லாம் யார், என்ன, எதற்கு என்று குறுக்குவிசாரணை செய்ததில் பாதிப் பேர் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெருக்குவதற்கு ஆசிரியைகள் குழு அமைத்தார்கள். குழு கூடியது, பேசியது, துடைப்பத்தை யார் வைத்திருப்பது என்பதில் கருத்து வேறுபாடு வந்து கலைந்தது. கழிப்பறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, மூக்கையும் திறக்கவில்லை. மணியைத் தலைமையாசிரியரே அடித்தார். இத்தனை வருடம் காதால் கேட்ட மணிதானே என்று அலட்சியமாக இரண்டாவது பீரியடுக்கு நீள மணியை அடித்துவிட, பள்ளி முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான்.

கட்டடம் நகர்வதைத் தலைமையாசிரியர் முதலில் நம்பவில்லை. காலையில் வந்து பார்த்தால் சாமியானா சற்று மேலே தள்ளித் தெரிந்தது. இடத்தை மாற்றிவிட்டீர்களா என்று அதட்டினார். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம், உங்கள் பள்ளிதான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். அவர்களுக்குப் போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது ‘பள்ளிக்கு எதிரே’ உட்காருவதற்கு. அதனால் தினமும் காலையில் சாமியானாவைப் பிடுங்கி, நாற்காலிகளைத் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளியின் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். வேலை செய்த நாட்களில்கூட இவ்வளவு வேலை இருந்ததில்லை என்று ஆயாக்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அறிவியல் வாத்தியார், கட்டடம் நகர வாய்ப்பே இல்லை, தெருதான் மேலே போகிறது என்று விளக்கினார். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது.

தெரு குறுகல்தான். ஆனால் பள்ளி வரும்போது இருபக்க வீடுகளும் வயிற்றை எக்கி வழிவிட்டன. ஒரு தையல்கடை போர்டு மட்டும் உடைந்தது. கீழ்த்தெருப் பிள்ளைகளுக்கு நடை மிச்சமானது. மேல்தெருப் பிள்ளைகள் தாமதமாக வந்து, “நாங்க நேரத்துக்குத்தான் வந்தோம் சார், பள்ளிக்கூடம் முன்னாடியே போயிடுச்சு” என்றார்கள், அதற்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியூரில் இருந்த தாளாளர் தினமும் போன் செய்து, பள்ளிக்கூடம் நடக்குதா என்று ஒரே கேள்வி கேட்பார். நல்லா நடக்குதுங்க என்பார் தலைமையாசிரியர். தன் உத்தியோகத்தில் அவர் தாளாளரிடம் இவ்வளவு சுத்தமான உண்மையைச் சொன்னதே கிடையாது.

மனைவி இறந்துபோன பிறகு தலைமையாசிரியருக்குச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். பகலெல்லாம் எதிரெதிரே முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்களும் சாயங்காலம் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தங்கை அண்ணனுக்கு ஒரு தடவை பரிமாறுவாள். மறுபடி தட்டை நீட்டினால் கரண்டி வராது. கேட்டதற்கு, “இந்த வீட்டுல நீங்களும் தற்காலிகம்தான் அண்ணா” என்றாள். அரை வயிற்றோடு எழுந்து போவார். அவருக்கு வலித்தது வயிறு அல்ல. சின்ன வயதில் தன் பங்கையும் இவர் தட்டில் தள்ளிவிட்டுப் பசிக்கவில்லை என்று பொய் சொன்ன பெண் அவள்.

அந்த வீடு தெருவின் கடைக்கோடியில், சரிவு முடிகிற இடத்தில், தெருவை மறித்தாற்போல் இருந்தது. பள்ளி நேராக அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. இது மற்ற எல்லோருக்கும் புரிந்து, வீடுகளெல்லாம் வயிற்றை எக்கிப் பழகிய பிறகுதான் தலைமையாசிரியருக்கு உறைத்தது. அந்த வீடு ஒதுங்குவதற்கு இடமில்லை, பின்னால் பாறை. அன்று மத்தியானம் ஆபீஸ் அறை ஜன்னலைத் திறந்தவர், எதிரே தங்கையின் சமையலறை ஜன்னலையும், அதற்குள் அலமாரியில் அதிர்ந்துகொண்டிருந்த டம்ளர்களையும் பார்த்தார். சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

முதலில் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். நில் என்று கட்டடத்துக்கு உத்தரவு போட்டார்; ஒரு கட்டடம் எத்தனை தலைமையாசிரியர் வார்த்தையைத்தான் தாங்கும், அது முதல் வார்த்தையையே பிடித்துக்கொண்டிருந்தது. விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். பிள்ளைகள் நின்றார்கள், பள்ளி நிற்கவில்லை. சக்கரத்துக்கு வைப்பது போல மூலைக்கு மூலை கல் வைத்துப் பார்த்தார்கள். கல் மாவானது. பிள்ளைகளை வெளியே இறக்கிவிட்டு, தங்கையிடம் ஓடி வெளியே வரச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், “நாங்க கேட்டு நீங்க ஒண்ணும் செய்யல. உங்க பள்ளிக்கூடமாவது வீடு தேடி வருது. வரட்டும்” என்றாள். எழுந்திருக்கவில்லை. அவள் பிடிவாதம் எந்தக் குடும்பத்துப் பிடிவாதம் என்று அவருக்குத் தெரியும்.

சாமியானாவுக்கு வந்தார். மாப்பிள்ளை அதற்குள் எழுந்து வீட்டைப் பார்த்து ஓடப் போனவர், இவரைக் கண்டதும் நின்றார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடவில்லை.

“மாப்ள, நீங்க இல்லன்னா பள்ளிக்கூடம் நிக்காது.”

“இதையேதானே அன்னைக்கும் சொன்னீங்க மச்சான்.”

“அன்னைக்கு நடுவுல ஒரு ‘ஒண்ணும்’ போட்டேன். அதை எடுத்துடறேன்.”

அங்கேயே, எல்லோர் முன்னாலும், தாளாளருக்குப் போன் போட்டார். இவர்களை நிரந்தரமாக்கினால்தான் உண்டு என்றார். தாளாளர் ஊர்ப்பேச்சு காதில் விழுந்து ஏற்கெனவே பஸ் பிடித்து வந்து, பழைய இடத்தில் வெற்றுத்தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சமூகநீதியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் பள்ளி தன் நிலத்தை விட்டுப் போய்விட்டதும், போகிற போக்கில் அடுத்தவர் நிலத்தில் ஏறிவிட்டால் அது யாருடையது என்ற சிக்கலும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. உடனே சம்மதித்தார். வாட்ச்மேன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டில் போட்டார். ஆயாக்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். பியூன் மணியை அடித்தார். கிளார்க் ஆபீஸ் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் நின்றது. சமையலறைச் சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

அதைத் திருப்பிக் கொண்டுபோகப் பலரும் பல யோசனை சொன்னார்கள், பிறகு மறந்தார்கள். வெளுத்த இடத்தில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். தலைமையாசிரியர் தங்கை வீட்டுக்குப் போவதில்லை. ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினால் எத்தனை தடவை நீட்டினாலும் கரண்டி வருகிறது. தாளாளர் இன்னும் போன் செய்து பள்ளிக்கூடம் நடக்குதா என்று கேட்கிறார். இல்லீங்க, நிக்குது என்கிறார் இவர். அவருக்கும் நிம்மதி. ஊழியர்களில் ஒருவர் லீவு போட்டால் மட்டும் அன்று கட்டடம் தங்கையின் சமையலறைச் சுவர்ப் பக்கம் ஒரு விரல்கடை நகர்ந்து, ஆள் வந்ததும் நின்ற இடத்துக்கே வந்துவிடும். கரண்டி ஒரு விரல்கடை கிட்டே வருகிறதே என்று, கிளார்க் லீவு கேட்டால் தலைமையாசிரியர் உடனே கொடுத்துவிடுகிறார். தங்கைதான் கொடுப்பதில்லை.