முன்பின் அறியாத கிருமிகள்

ஒன்பதாம் நாள் காலை, திரையில் எழுபத்தொன்று என்று பார்த்ததும் ஆய்வக உதவியாளருக்குத் தலைகால் புரியவில்லை. புதிய கரைப்பான் ஒன்று தண்ணீரில் கலந்தால் எவ்வளவு சுலபமாக மட்கும் என்பது சோதனை. கழிவுநீர் நிலையத்துச் சேற்றுக் கிருமிகளோடு அதைப் புட்டியிலிட்டு, இருட்டில் சுழலவிட வேண்டும். இருபத்தெட்டு நாளுக்குள் நூற்றுக்கு அறுபது தின்றுவிட்டால் தேர்ச்சி. இவருடைய கிருமிகளோ பாதிக் கெடுகூட முடியுமுன் தட்டை வழித்திருந்தன. இருபத்தொன்பதாம் நாள் மனைவியோடு மகள் வீட்டுக்குப் பயணம். ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போனது. ஆறு மாதப் பேரனை இதுவரை கைபேசியில்தான் கொஞ்சியிருக்கிறார்.

விசிலடித்துக்கொண்டே மேசையடியில் கிடந்த நீலக் கேனைக் காலால் நகர்த்தினார். இனிப்பாய் ஒரு வாடை வந்தது. விசில் நின்றது.

சேறு அள்ளிவந்த கேன் அது. அதற்கு முன் அதில் இருந்தது இதே கரைப்பான். அடியில் ஒரு வாய் மிச்சமிருந்ததைக் கவனிக்காமல் சேற்றை ஊற்றி, சனி ஞாயிறு இரண்டு நாளும் அப்படியே விட்டிருக்கிறார். கிருமிகள் அந்தக் கரைப்பானை முன்பின் அறிந்திருக்கவே கூடாது என்பது சோதனையின் முதல் விதி. இவரோ வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பூரித்த வாத்தியார்.

யாரும் பார்க்கவில்லை. கேனைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வாடை போனது, உறுத்தல் போகவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த எழுபத்தொண்ணு செல்லாது."

"ஏன், மெஷின் கோளாறா?"

"மெஷின் தங்கம் மேடம். கோளாறு நான்தான்."

மேலாளர் முழுதும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தார். "இருபது வருஷ சர்வீஸ்! சரி, முதல்லேருந்து போடுங்க. உங்க லீவு?"

"அதுக்குப் பழகிப்போச்சு மேடம்."

மனைவிக்குப் பழகியிருக்கவில்லை. "பேரனுக்கு மீசை முளைச்ச பிறகுதான் போவீங்க போல," என்றாள் கைபேசியில். பிறகு கேட்டாள்: "நீங்களாவா போய்ச் சொன்னீங்க?"

"ஆமா."

"கேன் கழுவத் துப்பில்ல, நேர்மைக்கு மட்டும் குறைச்சல் இல்ல. டிக்கெட்ட நான் மாத்திக்கறேன். மதியம் ஒழுங்கா சாப்பிடுங்க."

சாப்பிட்டுவிட்டு, புத்தம்புதுக் கேனோடு கழிவுநீர் நிலையத்துக்குப் போனார். தொட்டிக்காரர் வரவேற்றார்: "என்னண்ணே, போன தடவை குடுத்ததெல்லாம் செத்துப்போச்சா?"

"சேச்சே, கொழுத்துப்போச்சு. வெவரம் தெரியாத பயலுங்களா கொஞ்சம் குடுப்பா."

தொட்டியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ்விட்டது. ஒவ்வொரு குமிழும் ஒரு குட்டிச் சூரியனைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முகத்தருகே உடைந்தது.