காலண்டர் மலை

கேமரா ரிப்பேராகி வந்ததிலிருந்து, ஹாலின் மறுமுனையில் நின்ற என் மனைவி சியாமளா முடிவில்லாத தூரத்தில் இருந்தாள்.

இது பழைய மாதிரிக் கேமரா. துளை வழியே பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். எத்தனை அடி தூரம் என்று வளையமே காட்டும். எங்கள் கல்யாண நாளுக்கு அவளைப் படம் எடுக்க நினைத்தேன். அவள் சமையலறை வாசலில், பத்தடியில் நின்றாள். இரண்டு சியாமளாக்களும் ஒன்றானபோது வளையம் கடைசிக் குறியில் நின்றது. அதற்கப்பால் தூரம் கிடையாது.

கேமராவை வைத்துவிட்டு அவளை நோக்கி நடந்தேன். ஷோகேஸ் வந்தது. சாப்பாட்டு மேஜை வந்தது. மறுபடி ஷோகேஸ் வந்தது. பசித்ததால் திரும்பினேன். திரும்பி வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போனில் கூப்பிட்டேன். அவள் உதடு அசைந்து வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது. என்ன புடவை கட்டட்டும் என்று கேட்டாள். அடுத்த முறை உதடு மட்டும் அசைந்தது. புடவையின் நிறம் தெரியவில்லை. அவள் புள்ளியாவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

கேமராவை எடுத்துக்கொண்டு சிங்காரத்தோப்புக்கு ஓடினேன். ரிப்பேர் செய்த சூசைராஜ் கடையை மாடியிலிருந்து நிலவறைக்கு மாற்றியிருந்தார். திருச்சியில் ஃபோகஸ் சரிபார்க்க எல்லோரும் மலைக்கோட்டையைத்தான் பார்ப்பார்கள். பழைய கடையின் ஜன்னலில் மலை தெரியும். இங்கே ஜன்னல் இல்லை. எதிர்ச்சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் மலைக்கோட்டை இருந்தது.

"காலண்டரையா பாத்து வச்சீங்க?"

"மலையத்தான் பாத்தேன் சார். அது காலண்டர்ல இருந்துச்சு."

"அது பத்தடியில தொங்குது."

"காலண்டர்தான் சார் பத்தடி. மலை தூரத்துலதான இருக்கு?"

உற்றுப் பார்த்தேன். காலண்டர் மலையின் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தூரம்தான்.

மனைவி எங்கே நின்றாள் என்று விசாரித்தார். சொன்னேன். திருகாணியைத் தளர்த்தியபடி தலையாட்டினார். பத்தடியில் நின்றால் மலை இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பார்கள், பத்தடிக்கும் கிட்டே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்றார்.

"வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப ஏன் முன்னாடி வழியா நடந்து கஷ்டப்படுறீங்க? சுத்திப் போங்க. கேமரா இங்க இருக்கட்டும்."

பின்சந்து வழியாகப் போனேன். கதவைத் தட்டினேன். உடனே தாழ்ப்பாள் திறந்தது. சியாமளா கையெட்டும் தூரத்தில் நின்றாள். மாம்பழ நிறப் புடவை. நெற்றியில் வியர்வை. இவ்வளவு நாளில் அவளை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"யாரு வேணும்?" என்றாள்.

நான் என் பெயரைச் சொன்னேன்.

"அவர் ஹால்ல இருக்காரு. கூப்பிட்டா கேக்காது. ரொம்ப தூரம்." நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள உக்காருங்க" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தாள். பெருங்காயம் எனக்குப் பிடித்த அளவில் இருந்தது. அதைச் சொன்னேன். அவருக்கும் இப்படித்தான் வேண்டும் என்றாள்.

சமையலறை வாசல் வழியே ஹாலைப் பார்த்தேன். வெகுதொலைவில், சோபா முனையில் ஒருவன் கேமராவைக் கண்ணில் வைத்து வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவனுக்காக அசையாமல் நின்றாள்.

"எனக்குக் கண்ணு அவ்ளோ தூரம் எட்டல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எந்திரிச்சுட்டாரா?"

அவன் கேமராவைக் கீழே வைத்தான். எழுந்து எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினான். ஷோகேஸைக் கடந்தான்.

"எந்திரிச்சுட்டாரு" என்றேன்.

அவள் இன்னொரு டம்ளரில் மோர் ஊற்றி மூடிவைத்தாள்.