எமெஷேயின் கணவன்

துர்க்கா தான் விரும்பிய காபோரைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று அப்பா இரத்தினவேல் கேட்ட முதற் கேள்வி, பெடியனுக்கு என்ன வேலை என்பதல்ல. "என்ன ஆக்கள்?" என்பதுதான். ஹங்கேரிக்காரனிடம் போய்ச் சாதி விசாரிக்கிற மனிதரை என்ன செய்வது? துர்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள்.

"அரச பரம்பரை அப்பா. ஹங்கேரியை முதன்முதலா ஆண்ட ஆர்பாட் வம்சம்."

மனிதர் அப்படியே குளிர்ந்துபோனார். அவர்கள் இருந்த மல்வேர்ன் பகுதி முழுக்க ஃபோன் பறந்தது. மண்டபமும் பிடித்தாயிற்று. அழைப்பிதழின் மாதிரி இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. துர்க்கா ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்: அப்பா மணவறையில் நின்று கைபிடித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த மேசையில்தான் அவர், ஆர்பாட் வரலாற்றைப் படித்த ஃபோனை அறைந்து வைத்தார்.

"ஆயிரத்து முந்நூற்றொண்டில கடைசி ராசா ஆண்பிள்ளை இல்லாமல் செத்திட்டானாம். வம்சமே அத்தோடை சரி. அப்ப உவன் ஆர்?"

இனி மறைத்து என்ன? "அவரின்ரை தாத்தா செருப்புத் தைச்சவர்," என்றாள் துர்க்கா.

அவர் முகம் கறுத்தது. "செருப்போ! அந்த ராசாக்களாவது ஒழுங்கோ? எமெஷே எண்டொருத்தி கனவில பறவையைக் கண்டு பிள்ளை பெத்தவளாம். அவளின்ரை பேரன்தான் உந்த ஆர்பாட்டாம். தூ! நான் மணவறைக்கு வரமாட்டன். என்ரை பேரும் கலியாணக் கார்ட்டில வரக்கூடாது."

பேனாவை எடுத்து, 'திரு. திருமதி இரத்தினவேல் தம்பதிகளின் புதல்வி' என்ற வரியை ஒரே இழுப்பில் வெட்டினார்.

துர்க்காவுக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்கு முன்னால் அழக்கூடாது என்ற வைராக்கியமும் வந்தது. முகத்தைத் திருப்பியபோது குசினி வாசலில் அம்மா நின்றாள். அப்பா கிழித்த ஒரு கோட்டில் அம்மாவும் போயிருந்தாள். முப்பது வருஷமாக எந்த அழைப்பிதழிலும் யோகராணி என்ற அம்மாவின் பெயர் வந்ததில்லை. வந்ததெல்லாம் திருமதி இரத்தினவேல்தான்.

யோகராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"அந்த எமெஷேக்குப் புருஷன் இருந்தவரோ பிள்ளை?"

"இருந்தவர் அம்மா. பழைய புத்தகத்தில பேர் கிடக்கு. ஆருக்கும் ஞாபகமில்லை."

"ம்."

யோகராணி பேனாவை எடுத்து, வெட்டிய வரிக்கு மேலே நிதானமாக எழுதினாள்: யோகராணியின் புதல்வி. பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளையைக் கைபிடிச்சுக் குடுக்க நான் போறன். நீங்கள் வீட்டை இருந்து ராசாக்களைப் படியுங்கோ."