தெற்கே தலை

இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கொடி கட்டத் தெரிகிறது, மைக் செட் வைக்கத் தெரிகிறது. குழிக்குத் திசை பார்க்கத் தெரியவில்லை. சென்றாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, மண்வெட்டியால் குறுக்கே வெட்ட ஆரம்பித்தார்.

அரூர் ரோட்டோரம், பள்ளிக்கூட மதிலை ஒட்டிய இடம். எல்லைச் சண்டையில் செத்த அவர் மகன் மாதவராஜை இங்கே அடக்கம் செய்து, நினைவு மேடை கட்டுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. பட்டாள வண்டி சேலத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

“பெரீப்பா, என்ன பண்றீங்க? ஏறுங்க மேல,” என்றான் அன்பு. மேடை வேலையை முன்நின்று நடத்துகிறவன் அவன்தான்.

“கெழக்கு மேற்கா வெட்டி வச்சிருக்கீங்களேடா. நம்ம சனம் தெக்கதான் தல வெக்கும். கொல்லையில அவன் ஆத்தா எப்படிப் படுத்திருக்கா, போய்ப் பாரு.”

“ரோட்டுக்கு நீளவாக்குல இருந்தாத்தான் மேடை எடுப்பாத் தெரியும். பஸ்ல போறவங்க பாக்க வேணாமுங்களா?”

“பஸ்ல போறவன் செல்லப் பாத்துக்கிட்டுப் போறான். எம்பையனையா பாக்கப் போறான்?”

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

தன் கொல்லைக்காட்டில், மனைவி செல்லிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றுதான் அவர் முதலில் கேட்டார். மருமகள் யுவராணிதான் ரோட்டோரத்துக்குச் சம்மதம் சொன்னவள். சேதி கேட்டு இப்போது அவளே வந்து குழியோரம் நின்றாள்.

“மாமா, உங்களுக்கப்புறம் கொல்லைய வித்தாலும் விப்போம். வாங்கறவன் உழுதுருவான். இங்க எவனும் ஏர் ஓட்ட முடியாது.”

அவர் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார். மூச்சு இரைத்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

“அன்பு, மாமா சொல்றாப்பலயே வெட்டுங்க.”

“மதில் இடிக்குங்க அக்கா. மேடை சின்னதாப் போயிரும்.”

“போவட்டும்.”

மத்தியானம் பெட்டி வந்தது. கொடியை மடித்து யுவராணி கையில் கொடுத்தார்கள். துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்தன. மதிலுக்குப் பின்னால் ஏதோ குழந்தை வீறிட்டது. மாதவராஜ் தெற்கே தலை வைத்துப் படுத்தான். சென்றாயன் மூன்று பிடி மண் போட்டார். மைக்கில் ஒருவர், இந்த ஊர் உள்ளவரை மறக்காது என்று தொடங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கர்நாடகத்து லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குழி இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டான். கண்ணை மூடியிருந்தான். சென்றாயன் நின்று அவனையே பார்த்தார்.

“ரோட்ட மறிச்சிருக்காங்க. அதான் எறங்கியிருக்கான்,” என்றார், யாரும் கேட்காமலே.

பிறகு வரப்பில் இறங்கி நடந்தார்.