தாளில் இருந்த நம்பர்

காலையிலிருந்து கேதீஸ்வரி துண்டுப்பிரசுரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் அந்தப் பெண்கள் உதவி நிறுவனத்தின் அலுவலக அறையில் பாதியை அடைத்துக் கிடந்தன. மட்டக்களப்பு வாவியை ஒட்டிய அந்த வாடகை வீட்டின் பின்பக்கத்தில் போன மாதம்வரை ஆறு கட்டில்கள் இருந்தன. புருசனிடம் அடிபட்டு வந்தவர்களும், ஏமாற்றி வெளிநாட்டுக்கு ஏற்றப்பட்டுத் திரும்பியவர்களும் அங்கேதான் தங்கினார்கள். புதிய திட்டத்தில் விழிப்புணர்வுக்கு மட்டும்தான் நிதி என்று கடிதம் வந்தது. பின்பக்கத்தை வீட்டுக்காரர் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

எதிரே இருந்து மடித்தவள் ஸஹீதா. சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்குக் கொண்டுபோய் மூன்று வீடுகளுக்குக் கைமாற்றப்பட்டவள். எட்டு மாதம் கடிதம் கடிதமாக எழுதி அவளை மீட்டது கேதீஸ்வரிதான். ஆனால் அவளை அனுப்பிய ஏஜென்ட் அவளுடைய சொந்த அக்காவின் கணவன். அவன் இப்போதும் ஸஹீதாவின் உம்மா வீட்டில்தான் இருக்கிறான்; அவள் அங்கே போக முடியாது. பத்து நாளாக ஸஹீதா இந்த அறைத் தரையில்தான் படுக்கிறாள்.

அவள் ஒரு தாளை விரித்து வாசித்தாள். "'பாதுகாப்பான இடம் தேவையா? உடனே அழையுங்கள்.' மிஸ், இந்த நம்பருக்கு எடுத்தா எங்க கூட்டிப் போவீங்க?"

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு. பொலிசுக்கு."

"அதுக்குப் பிறகு?"

மேசையில் இருந்த நிறுவனத் தலைவி சீதேவிப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வரிய எடுக்கச் சொல்லிக் கேட்டன் புள்ள. மேல இருந்து வந்த டிசைனாம், மாத்த ஏலாதெண்டுட்டாங்க."

மத்தியானம் தொலைபேசி அடித்தது. முந்தாநாள் கதிரவெளிக் கிராமத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் தாள் வாங்கிய பெண்.

"புருசன் கடலுக்குப் போயிருக்கார், மிஸ். பின்னேரம் வந்திருவார். பிள்ளையோட பஸ் ஏறட்டா? இடம் இருக்குத்தானே?"

கேதீஸ்வரி சீதேவிப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏறுங்க. பஸ் ஸ்டாண்டில நான் நிப்பன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஸஹீதா எழுந்திருந்தாள். மடித்த கட்டுகளைத் தூக்கிச் சுவரோரமாக, ஜன்னல் மறைய மறைய, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். காலியான தரையைக் காலடி வைத்து அளந்தாள்.

"சின்னப் பிள்ளதானே? ஒருக்களிச்சுப் படுத்தா மூணு பேருக்குக் காணும், மிஸ்."