மூன்று மரைகள்

அப்பா இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவரை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். பின்பக்க ஷெட்டில் மாமா, அப்பாவுடைய வேனின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மாமா அம்மாவின் தம்பி, மெக்கானிக். முந்தாநாள் வேனை சர்வீஸ் செய்து கொடுத்தவரும் அவர்தான். காலையிலிருந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கேன் தூக்கினார். அப்பாவின் பக்கத்தில் மட்டும் வரவில்லை. அவள் எதிரே வந்தால் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் லாரிக்காரர் வந்திருந்தார். "என்னைத் தாண்டத்தான் ஏறினாரும்மா. மேடு. பாதி தாண்டிட்டாரு. அதுக்கு மேல வண்டி இழுக்கல. எதிர்ல பஸ்ஸு..."

இழுக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இடித்தது. அந்த மேட்டில் அப்பா லாரிகளைத் தாண்டாத நாள் இல்லை. "இந்த வண்டி திணறணும்னா உன் தம்பி மாதிரி நாலு பேர் ஏறணும்" என்று அம்மாவைச் சீண்டுவார். மாமாவும் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

போலீஸ் பார்த்து முடித்ததும் வேனை இழுத்து வந்து விட்டிருந்தார்கள். ஓட்டுநர் பக்கக் கதவு உள்ளே மடிந்திருந்தது. முன்பக்கம் அப்படியே இருந்தது. அவள் ஷெட்டுக்கு வந்தபோது மாமா இன்ஜினுக்குள் குனிந்திருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

ஸ்பேனர் நின்றது. "பேட்டரி வயரக் கழட்டலாம்னு கண்ணு. பத்திக்கிச்சுன்னா வம்பு."

"பேட்டரி அந்தப் பக்கம் இருக்கு."

மாமாவின் பட்டறையில் பார்த்துப் பழகியவள் அவள். குனிந்து பார்த்தாள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கம்பியின் நட்டில் ஸ்பேனர் மாட்டியிருந்தது. கம்பி முழுக்கக் கரி. நட்டை ஒட்டி, நட்டு திருகி ஏறும் மரைகளில் மூன்று மட்டும் பளபளவென்றிருந்தன. இத்தனை வருஷம் உள்ளே இருந்தவை. யாரோ கம்பியை நீட்டியிருக்கிறார்கள். நீட்டினால் டர்போ முழு அழுத்தம் கட்டாது. மேட்டில் இழுவை இருக்காது.

"இழுவையக் குறைச்சு வச்சிருக்கீங்க. இப்போ யாருக்கும் தெரியாம பழையபடி திருகுறீங்க."

மாமா நிமிரவில்லை.

"அப்பா மேல அப்படி என்ன கோபம் மாமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாத கண்ணு. அவரு மேல எனக்கு..."

"அப்போ ஏன்?"

அவர் அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"நீ உள்ள போக்கா," என்றார் மாமா அவசரமாக. "நான் பண்ணது. நானே பேசிக்கிறேன்."

"சும்மா இருடா."

அம்மா நட்டிலிருந்து ஸ்பேனரை உருவினாள். உள்ளங்கையில் கிரீஸ் அப்பியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பறக்குறாருன்னு பயந்துதான்டி, நான்தான் இவனைக் குறைக்கச் சொன்னேன்," என்றாள். "அவர்கிட்ட சொல்லாதன்னும் சொன்னேன்."